திருமலை வீட்டுக் கொம்பியூட்டரை அப்கிரேட் செய்வது எப்படி: சுவர் பிளக்கிலிருந்து கிராபிக்ஸ் கார்ட் வரை

திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளில் கொம்பியூட்டர் ஒன்றுதான் இருக்கும். பகலில் அதில் சூம் வகுப்பு, கடைக் கணக்கு, பிரிண்ட் எடுக்கிற வேலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதே மெஷினில் வலோரண்ட், ஜிடிஏ, கிரிக்கெட். ஆகவே இங்கே "கேமிங் பிசி" என்று தனியாக ஒன்றைக் கட்டுகிறவர்கள் குறைவு. இருப்பதை மாற்றி மாற்றித்தான் மேலே கொண்டுபோகிறோம்.

அப்படி மாற்றும்போது கையில் இருக்கும் காசு முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடுகிறது. மிச்சத்துக்குக் கிடைத்த பவர் சப்ளையை மாட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டு, பிறகு "கார்ட் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை. கடலோர ஊரில், கரண்ட் ஏறி இறங்குகிற இடத்தில், வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சுவர் பிளக்கில் தொடங்கி உள்ளே வாருங்கள். கார்ட் கடைசிக்கு முந்தியது.

படி 1: வீட்டில் இருப்பது என்னவென்று எழுதுங்கள்

சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் புரொசசரின் பெயர், மதர்போர்டின் மொடல், ராமின் வகை மூன்றும் தெரியும். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். கடைக்குப் போகும்போது இந்தப் படமும் மொடல் பெயரும் கையில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

மதர்போர்டில் புரொசசர் உட்காரும் சொக்கெட்தான் உங்கள் எல்லையைச் சொல்லும். ஏஎம்டி கம்பனியின் ஏஎம்4 என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 2016இல் வந்த அந்தச் சொக்கெட்டில், பல பழைய போர்ட்களிலும்கூட, பயோஸை (மெஷினை எழுப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பித்துவிட்டு ரைசன் 5000 வரிசைப் புரொசசரைப் போடலாம். இன்டெலில் அந்தத் தாராளம் கிடையாது. 6ஆம், 7ஆம் தலைமுறைக்கு வந்த போர்டில் சொக்கெட் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் 8ஆம் தலைமுறை புரொசசர் வேலை செய்யாது. 10, 11 ஒரு கூட்டம். 12, 13, 14 இன்னொரு கூட்டம்.

கொழும்பிலிருந்து வருகிற பழைய ஒபிஸ் மெஷின்கள் தனிக் கதை. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க் போன்றவை உறுதியானவை, ஒபிஸ் வேலைக்குத் தங்கமானவை. ஆனால் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பு அந்தந்தக் கம்பனிக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. ஒடுங்கிய கேஸ் என்றால் அரை உயரக் கார்ட்தான் உள்ளே போகும். அதற்கு ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை நல்ல தெரிவு. 70 வாட்தான் இழுக்கும், தனிப் பவர் வயர் தேவையில்லை. ஆனால் வாங்கும்போது அரை உயரத் தகடு உள்ள மொடலா என்று பாருங்கள், எல்லாம் அப்படி வருவதில்லை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் அந்த மெஷினை விற்றுவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மலிவு.

படி 2: எங்கே இழுபடுகிறது என்று பாருங்கள்

ஒரு நாள் வழமையான வேலைகளைச் செய்துகொண்டே டாஸ்க் மனேஜரைத் திறந்து வையுங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். பிரவுசரில் பத்து டப் திறந்ததும் ராம் 90 வீதத்தைத் தாண்டினால் ராம்.

கேமுக்கு வேறு சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளைப் போட்டால் விளையாடும்போதே திரையின் மூலையில் எண்கள் ஓடும். கிராபிக்ஸ் கார்ட் 95 வீதத்துக்கு மேல் உழைத்தால் கார்டே எல்லை, புதிய கார்ட் போட்டால் பலன் தெரியும். கார்ட் 50, 60இல் சும்மா நிற்க, நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையான எஃப்பிஎஸ் மட்டும் குறைவாக இருந்தால் (எஃப்பிஎஸ்ஸுக்கு எல்லை வைக்கவில்லை என்றால்) புரொசசர் பின்தங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் கேமின் ரெசலூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் குற்றம் கார்டில். அசையவில்லையென்றால் புரொசசரில்.

எந்தக் கேம் என்பதும் முக்கியம். வலோரண்ட், சிஎஸ்2 போன்றவை புரொசசரைத்தான் பிழிகின்றன. ஃப்ரீ ஃபயரை, போன் கேம்களைக் கொம்பியூட்டரில் ஓட்டும் புளூஸ்டாக்ஸில் விளையாடுகிறவர்களுக்கு ராமும் புரொசசரும் வேண்டும். அதற்குத் தேவையான வேர்ச்சுவலைசேஷன் என்ற வசதி பயோஸில் மூடியிருந்தால் எந்தக் கார்டும் உதவாது. அதைத் திறந்துவிட்டதோடு அப்கிரேட் தேவையே இல்லாமல் போன வீடுகளும் உண்டு.

படி 3: கரண்ட்

இதைத்தான் யாரும் பேசுவதில்லை. கேஸின் இரும்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்கிறதா? பெரும்பாலும் வீட்டு எர்த் இல்லை, அல்லது சொக்கெட்டில் எர்த் வயர் பூட்டப்படவில்லை. பவர் சப்ளையின் வடிகட்டி, மிகச் சிறிய மின்கசிவை எர்த்துக்கு அனுப்பும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. போக வழியில்லாவிட்டால் அது கேஸில் நிற்கும். உயிருக்கு ஆபத்தான அளவு இல்லாவிட்டாலும் யூஎஸ்பி போர்ட்டுக்கும், எச்டிஎம்ஐ வயரைச் செருகும் நொடிக்கும் அது நல்லதல்ல. அதைவிட, உண்மையாகவே ஒரு பழுது வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுவதற்கு எர்த் வேண்டும். பேனை மூடியால் 13 ஆம்ப் சொக்கெட்டின் மேல் துவாரத்தை அழுத்திக்கொண்டு இரண்டு பின் பிளக்கைச் செருகும் பழக்கத்தை இந்த மெஷினுக்காவது விட்டுவிடுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்வது எந்தப் பார்ட்டையும்விட மலிவு.

அடுத்து யூபிஎஸ், கரண்ட் போனாலும் மெஷினைச் சில நிமிடம் தாங்கும் பற்றரிப் பெட்டி. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை யாரும் மறக்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்திருக்க, 2025 பெப்ரவரி 9ஆந்தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. யூபிஎஸ் விளையாட்டைத் தொடர்வதற்கு இல்லை. சேவ் செய்து ஒழுங்காக நிறுத்துவதற்கு. 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வாட் இல்லை. அந்த அளவுப் பெட்டிகள் வழமையாக 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும், அதைப் பின்பக்க ஸ்டிக்கரில் பாருங்கள். நடுத்தரக் கார்ட் உள்ள மெஷினும் மொனிட்டரும் விளையாட்டு நேரத்தில் 250 முதல் 300 வாட் இழுக்கலாம், எனவே 1000 விஏ பக்கம் போவது நிம்மதி. வோல்டேஜ் ஏறி இறங்கும்போது தானே சரிசெய்யும் ஏவிஆர் உள்ளதாகக் கேளுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் கரண்டில் யூபிஎஸ் கத்தும். நமது வெக்கைக்கு அதன் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், அதற்கும் ஒரு தொகையை மனதில் வையுங்கள்.

இனி பவர் சப்ளை. கேஸோடு இலவசமாக வரும் "500 வாட்" பெட்டிகளைப் பற்றிக் கடைக்காரர், "தம்பி, 500 போட்டிருக்கு, பயப்படாதீங்க" என்பார். நீங்கள் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 18 ஆம்ப் என்று இருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் புரொசசரும் உண்பது இந்த 12 வோல்ட்டில்தான். நல்ல 550 வாட் பெட்டியில் அந்த வரிசையிலேயே 500 வாட்டுக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைச் சொல்வது. பெட்டி உறுதியானதா என்பதற்கு அது முழுச் சான்றாகாது, ஆனால் முத்திரையே இல்லாததை வாங்காதீர்கள். வொரண்டி ஐந்து வருடம் தருகிற கம்பனியின் 550 அல்லது 650 வாட் 80 பிளஸ் பிரோன்ஸ் பெட்டி, இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாக் கார்டுக்கும் போதும். இதில் பாவித்த சாமான் வேண்டாம். மற்ற எதையும் பாவித்ததாக வாங்கலாம்.

படி 4: எஸ்எஸ்டியும் ராமும்

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் வேறெதையும் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி தரும். ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா வயரில் மாட்டும் எஸ்எஸ்டி 550 அளவு, போர்டின் எம்.2 துளையில் செருகும் பிசிஐஇ 3 என்விஎம்இ வகை 3500 வரை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்குப் போவதில் வீட்டில் எல்லாருக்கும் வித்தியாசம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவதில் அளந்து பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். 500 ஜிபி குறைந்தபட்சம், இரண்டு பெரிய கேம் வைத்திருந்தால் 1 டிபி. எம்.2 துளை இருக்கிறது என்பதற்காக என்விஎம்இ ஏற்கும் என்று நம்பாதீர்கள், சில பழைய போர்ட்களில் அந்தத் துளை சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் படங்களுக்கும் கலியாண வீடியோவுக்கும் இருக்கட்டும்.

ராம் 16 ஜிபி, இரண்டு 8ஆக. ஒரே 16ஐ விட இரண்டு 8 வேகமானது, காரணம் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு போகும். நான்கு துளை உள்ள போர்டில் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். பயோஸில் எக்ஸ்எம்பி என்ற, ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பைத் திறக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133 அல்லது 2400இல் சோம்பிக் கிடக்கும். பலர் வருடக்கணக்காக அப்படியே ஓட்டுகிறார்கள்.

விலை பற்றி ஒரு சொல். 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளத் தொடங்கியதில் ராம் விலை உலகமெங்கும் ஏறியது. ஆகவே கையில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு மேம்படுத்தும் வழியைத் தேடுங்கள்.

படி 5: புரொசசரும் போர்டும்

முதலில் விண்டோஸ். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையும், ஏஎம்டியில் ரைசன் 2000உம் அதற்கு மேலும் வேண்டும். விண்டோஸ் 11இல் வலோரண்ட் ஓட பயோஸில் டிபிஎம்மும் செக்கியூர் பூட் என்ற காவலும் திறந்திருக்க வேண்டும். 4ஆம் தலைமுறை ஐ5இல் புதுக் கார்ட் மாட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஏஎம்4 போர்ட் உள்ளவர்களுக்கு ரைசன் 5 5600 நேரான பதில்: ஆறு கோர், 65 வாட், பழைய ராமே போதும். போர்டையும் சேர்த்து மாற்றுகிறவர்களுக்கு ஐ5-12400எஃப், டிடிஆர்4 ஏற்கும் போர்டோடு. பெயரின் கடைசியில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் இல்லாமல் திரையே வராது. 5600க்கும் அதே நிலை. கார்டுக்கு இப்போது காசில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் என்றால் 5600ஜி வாங்குங்கள். அதனுள் இருக்கும் கிராபிக்ஸில் வலோரண்ட் தாராளமாக ஓடும். ஏஎம்5 2022இல் வந்தது, டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், இனி வரும் புரொசசர்களுக்கும் இடம் தரும். முழுக்கப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அது சரி. அப்கிரேட் என்ற பெயரில் அதற்குப் போனால் போர்ட், ராம், புரொசசர் மூன்றும் மாறும், பிறகு கார்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பாவித்த 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைத்தால் கவனம். அவற்றில் வோல்டேஜ் கோளாறால் புரொசசர் மெல்லக் கெட்டுப்போகும் சிக்கல் இருந்தது. 2024 ஓகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு வொரண்டியையும் நீட்டியது. ஆனால் ஏற்கனவே கெட்டதைத் திருத்தம் சரிசெய்யாது.

பயோஸைப் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடலாம். யூபிஎஸ்ஸில் மாட்டி, பற்றரி நிறைந்த பின், வானம் இருட்டாத பகலில் செய்யுங்கள்.

படி 6: கிராபிக்ஸ் கார்ட்

மொனிட்டர் 1080பி, 60 அல்லது 75 ஹேர்ட்ஸ் என்றால் ஆர்எக்ஸ் 6600 இன்னும் நல்ல கார்ட். 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர். கார்ட் செருகும் துளை பழைய பிசிஐஇ 3 வகையாக உள்ள போர்டிலும் பெரிதாக இழக்காது. அதே வரிசையின் 6500 எக்ஸ்டி பெயரால் நெருங்கியது, குணத்தால் தூரம்: 4 ஜிபி, போர்டோடு தரவு பரிமாற நான்கு வழி மட்டும், பிசிஐஇ 3 போர்டில் தடுமாறும். இலவசமாகத் தந்தால் வாங்குங்கள்.

ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை பாவித்ததாகக் கிடைத்தால், வீடியோ எடிட்டிங்கும் பிளெண்டரில் 3டி வேலையும் செய்கிற வீட்டுக்கு அதையே சொல்வேன். கலியாண வீடியோ வெட்டுகிறவர்களுக்கு அந்த மெமரி உதவும். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட்தான், கரண்ட் பில்லுக்கும் வெக்கைக்கும் இதம். இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபியோடு விலைக்கு நல்ல கார்ட்தான், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புரொசசர் ஒரே தடவையில் அணுகும் வசதி) இல்லாத பழைய போர்டிலும் மெலிந்த புரொசசரிலும் அது சுருண்டுவிடும். ஆகவே அப்கிரேட் செய்கிறவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. புதிதாக வாங்கப் பட்ஜெட் இருந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை பல வருடம் தாங்கும்.

பாவித்த கார்ட் வாங்கும்போது வெட்கப்படாதீர்கள். "நானா, போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கார்டின் விபரம் காட்டும் ஜிபியூ-இசட்டைத் திறந்தால் பயோஸ் மாற்றிய போலிக் கார்டுகளில் பெயருக்கு முன் "ஃபேக்" என்று அதுவே எழுதும். பழைய கார்டை 1050 டிஐ என்று விற்கிறவர்களுக்கு இது நல்ல மருந்து. பிறகு கார்டை முழு உழைப்பில் வைத்துச் சோதிக்கும் ஃபேர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளி, கோடு, மினுக்கல் வரக்கூடாது, விசிறி கடகடக்கக் கூடாது. எச்டிஎம்ஐ துளையின் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள்: பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் அது கடலோரத்தில் வாழ்ந்த கார்ட்.

படி 7: கேஸ், உப்பு, வெக்கை

உப்புவெளி, நிலாவெளி, மனையாவெளி, திருக்கடலூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் கன்னியா, தம்பலகாமம் பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் ஒரே புத்திமதி பொருந்தாது. கடற்கரையில் இரும்புக் கதவுப் பிணைச்சல் எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறதோ, போர்டின் பின்களும் அதே காற்றில்தான் இருக்கின்றன. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மெஷினை வைக்காதீர்கள். பாவிக்காத நாட்களிலும் கொஞ்ச நேரம் போட்டு ஓடவிடுங்கள், சூடு ஈரத்தை விரட்டும். பொலித்தீன் உறை போட்டு மூடுவது உள்ளே ஈரத்தைச் சிறை வைப்பது. பருத்தித் துணி போதும். வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழி மழையில், திடீரென்று மெஷின் எழும்பவில்லையென்றால் பதறவேண்டாம். கரண்டைக் கழற்றி, ராமை எடுத்து, அதன் பொன் விளிம்பை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறையே 34 பாகையைத் தொடும். வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் அறை 22, 23இல் இருக்கும். அங்கே கார்ட் 70 பாகை என்றால் இங்கே 80ஐ எதிர்பாருங்கள். அதனால் முன்பக்கம் கண்ணாடி மூடிய கேஸை, எத்தனை வண்ண விளக்கு இருந்தாலும், விட்டுவிடுங்கள். முன்னால் வலைத் தகடு, அதற்குள் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. தூசி ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: எங்கே, எப்படி வாங்குவது

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் குறையலாம். ஆனால் ஒரு பார்ட் கெட்டால் 260 கிலோமீற்றர் தூரம் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் வழக்கம் இது: கார்ட், புரொசசர், போர்ட் கொழும்பில், பவர் சப்ளை, யூபிஎஸ், மொனிட்டர் ஊர்க் கடையில். பாரமானதும் கெடக்கூடியதும் பக்கத்தில் இருக்கட்டும். இரவு பஸ்ஸில் கொண்டுவந்தால் கார்டை கேஸில் பூட்டிக் கொண்டுவராதீர்கள், குலுக்கலில் துளை விரியும். பெட்டியில் வைத்து மடியில் வையுங்கள்.

விலை கேட்கும்போது வற் சேர்த்தா, காசாகக் கொடுத்தாலா பேங்க் கார்டில் கொடுத்தாலா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், அது விலைப் பட்டியலில் இல்லாமல் பில்லில் முளைக்கும். பில்லின் அடியில் உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். பல கடைகளில் ஒரு வருட வொரண்டி என்பது 350 நாள். எரிந்த தடம், துரு, மின்னல் சேதத்துக்கு வொரண்டி இல்லை என்றும் எழுதியிருக்கும். நமது ஊரில் பார்ட் சாகும் மூன்று வழியும் அதுவே.

மின்னலுக்கு ஒரே மருந்து பிளக்கைக் கழற்றுவது. ரவுட்டருக்கு வரும் செப்பு டெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்சாரப் பக்கம் பத்திரமாக இருக்க, ரவுட்டரிலிருந்து மெஷினுக்கு வரும் லான் வயர் வழியே போர்டைச் சுட்ட மின்னல்கள் நிறைய.

படி 9: பூட்டும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் பவர் சப்ளையை மட்டும் மாற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். பிறகு எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அடுத்தது ராம், அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிட்டு ஒரு பிழைகூட வரவில்லையென்றால் நகருங்கள். கார்ட் மாட்டுவதற்கு முன் டிடியூ என்ற கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துவிடுங்கள். இப்படிப் போனால், கோளாறு வந்த அன்று எந்தப் பார்ட்டில் என்று தேட வேண்டியதில்லை.

கார்டுக்கு வரும் வயரை பவர் சப்ளையிலிருந்து நேராக எடுங்கள். நான்கு பின் மொலெக்ஸிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டர்களைக் கார்ட் பெட்டியோடு தந்தாலும் பாவிக்க வேண்டாம், அவை உருகும். மொனிட்டர் வயரைக் கார்டில் செருகினீர்களா, போர்டிலா என்றும் ஒரு தரம் பாருங்கள். 75 அல்லது 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் என்றால் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் அந்த எண்ணை நீங்களே தெரிவு செய்ய வேண்டும், அதுவரை அது 60இலேயே நிற்கும்.

கடைசியாக, முதல் வாரத்தில் ஒரு பிற்பகல் இரண்டு மணிக்கு, அறை நல்ல வெக்கையாக இருக்கும்போது, வீட்டிலுள்ள மிகப் பாரமான கேமை ஒரு மணித்தியாலம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். கார்ட் 85க்குள், புரொசசர் 90க்குள் நின்றால் சரி. அந்த எண்ணை பில்லின் பின்பக்கத்தில் எழுதி, பில்லைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். கடைப் பில்லின் மை இந்த வெக்கையில் ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும்.